கவிழ்த்த க்ரீம்: லிமா வழி திருமழிசை

பெரு நாட்டு லிமாவில் நான் தங்கியிருந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு நிமிடம் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். வீட்டுக்காரம்மா இல்டா ஃப்ரிட்ஜிலிருந்து நடுவில் ஓட்டை வைத்த ஓர் அலுமினியப் பாத்திரத்தை எடுத்து வருவார். அதன் மேல் ஒரு தட்டை மூடி, இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே திருப்பு. பாத்திரத்தைத் தூக்கினால் தட்டில் பழுப்பு நிறத்தில், பளபளவென்று, வளையம் போல ஒன்று ஆடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் சர்க்கரைச் சாறு வழியும். அதன் பிறகுதான் பேச்சு திரும்ப ஆரம்பிக்கும்.

அதன் பெயர் ‘க்ரேமா போல்தியாதா’. போனில் போட்டுப் பார்த்தேன். ‘கவிழ்க்கப்பட்ட க்ரீம்’ என்று தமிழில் சொன்னது. எங்கள் அம்பத்தூர் பாஷையில் கவுத்த க்ரீம்.

கம்பெனி விற்ற இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்க ஆறு வாரம் அங்கே இருந்தேன். அந்த ஊர் வானம் எப்போதும் சாம்பல் நிறம். இதோ மழை, இதோ மழை என்று பூச்சி காட்டும், பெய்யாது. வேன்களில் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஓர் ஆள், “ஏறு ஏறு ஏறு, உள்ளே இடமிருக்கு” என்று கத்துவான். உள்ளே இடம் இருக்காது. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ பிடித்துப் பழகிய எனக்கு இது ஒன்றும் புதிதில்லை. புதிது அந்த இனிப்பு மட்டும்தான்.

திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகியும் நான் லிமாவை விட்டு வரவில்லை என்று என் மனைவி செல்வி சொல்வாள். எதற்கெடுத்தாலும் “பெருவுல இப்படி இல்லை” என்பேன். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு டீக்கடைக்காரர் எனக்குப் ‘பெருமாளு’ என்று பெயரே வைத்துவிட்டார். என் பெயர் சேகர்.

போன புதன்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, லிமாவில் ஒரு வருடம் இருக்க முடியுமா, குடும்பத்தோடு போகலாம், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. அன்று மாலை செல்வியிடம் சொன்னேன். எங்கள் மகள் வேலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். கிளம்ப என்ன தடை?

“பாக்கலாம் மாமா” என்றாள் செல்வி. நான் அவளுக்கு அத்தை மகன், அதனால் மாமா. இருபது வருடத்தில் அவளுடைய ‘பாக்கலாம்’ ஒன்றுகூட ‘சரி’ ஆனதில்லை.

வாதாடிப் பயனில்லை என்று தெரியும். பெருவை அவள் வாயிலேயே வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். இல்டாவின் கவுத்த க்ரீமை ஒரு வாய் சாப்பிட்டால் எவளும் பெட்டியைக் கட்டுவாள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் லீவு போட்டேன். காரணம் கேட்ட மேனேஜரிடம் ‘குடும்ப விஷயம்’ என்றேன். பொய்யில்லையே.

வியாழன்.

இல்டாவுக்குச் செய்தி அனுப்பிச் செய்முறை கேட்டிருந்தேன். அவர் நீளமான குரல் செய்தி அனுப்பியிருந்தார். ஆவடிக்கு ரயிலில் போகும்போது அதைக் காதில் வைத்துக் கேட்டேன். சர்க்கரை போட்ட டின் பால், சுண்டிய பால், முட்டை ஐந்து, வெனிலா எல்லாம் புரிந்தது. பிறகு ‘பான்யோ மரியா’வில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும் என்றார். பான்யோ என்றால் எனக்கு நன்றாகத் தெரியும். லிமா தொழிற்சாலையில் கழிவறைக் கதவில் எழுதியிருக்கும். மரியாவின் பாத்ரூமில் எதற்கு இனிப்பை வைக்க வேண்டும்? திரும்பத் திரும்பக் கேட்டதில் ஆவடி வந்து போனது தெரியவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர் ரயிலில் திரும்பி வந்தேன். வெளிநாடு போய் வந்தவன் ஆவடியைத் தவறவிட்டான் என்று வெளியே சொல்ல முடியுமா?

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஜோசப் இருக்கிறான். ஐ.டி.ஐ.யில் என்னோடு படித்தவன், நாகர்கோவில் பக்கம். அவன் மனைவி கேக் செய்வதற்கு ஓவன் வைத்திருக்கிறார். அந்த ஓவனை இரண்டு நாளைக்கு வாங்கி வரத்தான் போனேன். அவர் பெயரும் மேரிதான் என்பது, ‘மரியாவின் பாத்ரூம்’ என்று நான் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

“நான் குளிக்கியதுக்கும் உங்க பலகாரத்துக்கும் என்ன அண்ணே சம்பந்தம்?” என்று இடுப்பில் கை வைத்தார் மேரி. ஜோசப் சோபாவில் உருண்டு சிரித்தான்.

குரல் செய்தியை முழுவதும் போட்டு, எனக்குப் புரிந்தவரை சொன்னேன். பாதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. “அட, தண்ணியில பாத்திரத்த எறக்கி வச்சு அவிக்கியதாக்கும் அது. பாத்திரத்துக்குத்தான் குளியல். இதுக்கு ஓவன் எதுக்கு? உங்க வீட்டு இட்லிப் பானை போதும். மூடிக்கு அடியில துணி கட்டணும், ஆவித்தண்ணி சொட்டப்பிடாது பாத்துக்கிடுங்க.”

லிமாவில் ஒரு வருடம் என்ற விஷயத்தையும் சொன்னேன். “செல்வி வர சம்மதிச்சாளா?” என்று ஜோசப் கேட்டான்.

“இதைச் சாப்பிட்டதும் சம்மதிப்பா” என்றேன். மேரி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எனக்கு மீன் குழம்பு ஊற்றினார். தேங்காய் அரைத்த குழம்பு. லிமாவில் மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துப் பச்சையாகவே தின்பார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஜோசப், “பெருவுல எப்படின்னு ஏற்கனவே சொல்லிட்டல” என்றான்.

வெள்ளி.

ஓவன் தேவையில்லை, சரி. நடுவில் ஓட்டை வைத்த பாத்திரம்? குமணன்சாவடியில் பெரிய பாத்திரக் கடை ஒன்று உண்டு என்று பஸ் ஏறினேன். மெட்ரோ தூண்களுக்கு அடியில் பஸ் நகர்ந்த வேகத்துக்கு நான் இறங்கி நடந்திருக்கலாம். எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மா போனில், “வந்துகினே கீறேன், வந்துகினே கீறேன்” என்று முக்கால் மணி நேரம் சொன்னார். லிமாவில் இதே மாதிரி ஒரு நெரிசலில் ஒருவர், “வந்துவிட்டேன், முனையில் இருக்கிறேன்” என்று அவர்கள் மொழியில் பொய் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். முனை அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்.

பாத்திரக் கடைக்காரர் என் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “நடுவுல ஓட்ட வெச்சா ஊத்துறது ஒழுகிடாதா அண்ணாத்தே?” என்றார். ஒழுகாது, உள்ளே குழாய் மாதிரி மேலே வரும் என்று விளக்கினேன். “இது இங்க கெடைக்காது. திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல அலுமினியப் பட்டற ஒண்ணு கீது. பேக்கரிக்காரனுக்கெல்லாம் அவன்தான் அட்ச்சுத் தரான். போய்ப் பாரு.”

திருமழிசை பஸ்ஸில் கண்டக்டரிடம் எஸ்டேட் என்று சொல்லித்தான் ஏறினேன். அவர் மறந்துபோய் பைபாஸில் தாண்டி இறக்கிவிட்டார். வெயிலில் திரும்பி நடந்தேன். ஒரு பக்கம் பழைய தெரு, ஒரு பக்கம் வயல், நடுவில் தகரக் கூரைக் கம்பெனிகள். நடக்கும்போதுதான் ஒன்று தோன்றியது. செல்வி ஒன்பது வருடமாக இந்தத் திருமழிசையில்தான் வேலை பார்க்கிறாள். காருக்கு வயர் கட்டும் கம்பெனி. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், மாலையில் கொண்டுவந்து விடும். இத்தனை வருடத்தில் நான் ஒருநாள்கூட இங்கே வந்ததில்லை. மூன்று விமானம் மாறி லிமாவுக்குப் போயிருக்கிறேன்.

பட்டறையில் கரண்ட் இல்லை. “ஒரு அவர் ஆவும் சார். அச்சு கீது, வந்தவொடனே அட்ச்சுக் குடுத்துர்றேன்” என்றார் பட்டறைக்காரர். ஒரு மணி நேரம் என்ன செய்வது? செல்வியின் கம்பெனி எங்கே என்று அவரையே கேட்டேன். இரண்டு தெரு தள்ளி என்றார்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி, “யாரு வோணும்?” என்றார்.

“செல்வி.”

“எந்த செல்வி சார்? மூணு செல்வி கீறாங்கோ. கேன்டீன் செல்வி, ஸ்டோர் செல்வி, லைன் லீடர் செல்வி மேடம்.”

“இவங்க யாருமில்லைங்க. சாதா செல்வி. வயர் செக்கிங்.”

“செக்கிங்ல செல்வி கெடையாதே. எந்த ஊரு?”

“கள்ளிக்குப்பம்.”

“யோவ், கள்ளிக்குப்பம்னா லீடர் மேடம்தான்யா. ரெண்டு மாசம் ஆச்சு லீடராயி. நீ யாரு?”

அந்நேரம் சாப்பாட்டு மணி அடித்தது. கேட் கம்பி வழியாகப் பார்த்தேன். நீலக் கோட்டு போட்ட பெண்கள் கும்பலாக வந்தார்கள். நடுவில் செல்வி, மஞ்சள் கோட்டில். பாதிப் பெண்கள் வடக்கே இருந்து வந்தவர்கள் போல. ஒருத்தி அழுகிற மாதிரி ஏதோ சொல்ல, செல்வி அவள் தோளில் கை போட்டு இந்தியில் பேசினாள். தட்டுத் தடுமாறி இல்லை, கடகடவென்று. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஆறு வாரத்தில் முப்பது ஸ்பானிஷ் வார்த்தை கற்றுக்கொண்டு தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். என் மனைவிக்கு இந்தி தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

அவள் என்னைப் பார்ப்பதற்குள் திரும்பி நடந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

பட்டறையில் கரண்ட் வந்திருந்தது. புதுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் யோசித்தேன். இரண்டு மாதம் என்றால் நான் லிமாவிலிருந்து வந்த வாரம். ஏர்போர்ட்டிலிருந்து வரும்போதே செல்வி, “ஒரு விஷயம் மாமா” என்று ஆரம்பித்தாள். நான், “முதல்ல இதைப் பாரு” என்று போனில் கடல் படத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகும் காட்டிக்கொண்டேதான் இருந்தேன். அந்த ஒரு விஷயம் என்ன என்று நான் கேட்கவேயில்லை.

அன்று இரவு அவளிடம் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டுக்குள் முட்டையும் கொண்டுவரவில்லை.

சனி.

முட்டை வாங்கப் போனால் டீக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். “இன்னா பெருமாளு, சனிக்கெழம அதுவுமா முட்ட வாங்கினு போற? உன் பேருக்கே ஒலகம் தாங்காதே!”

செல்வி வேலைக்குப் போன பிறகு அடுப்படியைக் கைப்பற்றினேன். இதை ஏன் செய்கிறேன் என்று எனக்கே இப்போது தெளிவில்லை. ஆனால் பாத்திரம் வாங்கியாகிவிட்டது. திங்கட்கிழமை வந்துகொண்டிருக்கிறது. சுண்டிய பால் டின் அம்பத்தூரில் எங்கேயும் இல்லை, அதனால் ஒரு லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சினேன். முட்டையை அடித்து, டின் பால் சேர்த்து, வடிகட்டி, எல்லாம் சுத்தம்.

சர்க்கரையில்தான் கோட்டை விட்டேன். எங்கள் வீட்டில் தீபாவளிக்குப் பாகு பதம் பார்ப்பது நான்தான். அதிரசமோ பொரிவிளங்காயோ, என் விரல் சொன்னால் சரி. அந்தக் கர்வத்தில் சர்க்கரையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கொதித்ததும் இரண்டு விரலுக்கு நடுவில் தொட்டு இழுத்தேன். அழகாகக் கம்பி வந்தது. டக்கென்று இறக்கி அச்சில் ஊற்றிவிட்டேன். சர்க்கரை நிறம் மாறினால் தீய்ந்துபோயிற்று என்றுதான் என் கைக்குத் தெரியும்.

மாலை செல்வி வந்ததும் அவள் எதிரிலேயே தட்டை மூடிக் கவிழ்த்தேன். சத்தம் வரவில்லை. பாத்திரத்தைத் தட்டினேன். குலுக்கினேன். கரண்டியால் தட்டினேன். பாகு பூத்து, வெள்ளைக் கல்லாக இறுகி, இனிப்பைக் கவ்விப் பிடித்திருந்தது. கடைசியில் ஒரு துண்டு மட்டும் பிய்ந்து விழுந்தது.

செல்வி அதைக் குனிந்து பார்த்தாள். “பெருவுல இப்பிடித்தான் கீமா மாமா?” என்றாள். முகம் கழுவப் போய்விட்டாள்.

படம் எடுத்து இல்டாவுக்கு அனுப்பினேன். அங்கே அப்போது காலை. உடனே பதில் வந்தது. சிரித்துச் சிரித்துப் பேசியிருந்தார். போனில் போட்டுத் தமிழாக்கிப் பார்த்தேன். “என் மகனே, இது வெள்ளையாக இருக்கிறதே! தண்ணீர் யார் ஊற்றச் சொன்னது? வெறும் சர்க்கரையை உருக்கு. கருகிவிடுமோ என்று பயம் வருகிறவரை கிளறாமல் காத்திரு. பயம் வந்த பிறகு இன்னும் கொஞ்சம் காத்திரு. அப்புறம் இறக்கு.”

ஞாயிறு.

காலையிலேயே மறுபடி ஆரம்பித்தேன். வெறும் சர்க்கரையை அச்சிலேயே போட்டு அடுப்பில் வைத்தேன். ஓரம் உருகியது, தேன் நிறம் வந்தது, பிறகு டீ நிறம். லேசாகப் புகைந்தது. செல்வி பல் விளக்கிக்கொண்டே ஓடி வந்தாள். “கருகுது, கருகுது, எறக்கு!”

“இரு” என்றேன். கை தானாக அடுப்பைத் திருகப் போனது, இழுத்துக்கொண்டேன். டிக்காஷன் நிறம் வந்ததும் இறக்கி, துணியால் பிடித்து அச்சைச் சுற்றிச் சுற்றித் திருப்பினேன். கண்ணாடி மாதிரி எல்லாப் பக்கமும் படிந்தது. பால் கலவையை ஊற்றி, இட்லிப் பானையில் இறக்கி, மேரி சொன்னபடி மூடிக்குத் துணி கட்டி, தீயைச் சிறியதாக வைத்தேன்.

“எத்தினி விசிலு?” என்றாள் செல்வி.

“விசில் கெடையாது. ஒரு மணி நேரம்.”

“ஒரு மணி நேரமா!” என்றாள். ஆனாலும் போகவில்லை. தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். வெனிலாவும் பாலும் சேர்ந்து வாசனை கிளம்பியது. நான் அடுப்பைப் பார்த்தபடியே நின்றேன். திருமழிசையைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று நான்கு முறை தொண்டையைச் செருமினேன்.

ஃப்ரிட்ஜில் பகல் முழுவதும் வைத்து, மாலை ஆறு மணிக்கு வெளியே எடுத்தேன். தட்டை மூடினேன். ஒரே திருப்பு. ‘தொப்’ என்று ஒரு சத்தம். தூக்கினேன். பழுப்பு வளையம் தட்டில் ஆடிக்கொண்டு நின்றது. சாறு வழிந்தது. ஒரு ஓரம் கொஞ்சம் சிதைந்திருந்தது, அவ்வளவுதான். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

“இதும் பேரு இன்னா?” என்றாள் செல்வி.

“கவுத்த க்ரீம்.”

“யாரக் கவுக்க?”

அவள் ஸ்பூனை எடுத்து ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். இன்னொரு வாய். “சீம்பாலு மாதிரி கீது மாமா. ஆனா சர்க்கர கசக்குது பாரு, அது நல்லா கீது. கருக வுட்டியே, அதான்.”

“செல்வி, வெள்ளிக்கிழமை நான் உங்க கம்பெனி கேட்டுக்கு வந்தேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“செக்யூரிட்டி அண்ணன் சொன்னாரு. ஒருத்தன் வந்தான் மேடம், சாதா செல்வி வோணும்னு கேட்டான், லீடர்னு சொன்னவொடனே ஓடிட்டான்னு.” ஸ்பூனைத் தட்டில் வைத்தாள். சிரிக்கவில்லை. “சாதா தோச கேக்கற மாதிரி கேட்டியாமே.”

“லீடர் ஆனதை ஏன் சொல்லலை?” என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தெரிந்துகொண்டேன்.

“எங்க சொல்றது? நீ இன்னும் லிமாவுல கீற. ஒம்போது வருசம் மாமா. அம்பது பொண்ணுங்க என் கைக்குக் கீழ. ஒரு வருசம் அத்த வுட்டுட்டு அங்க வந்து ஜன்னல்ல ஒக்காந்து வானத்தப் பாக்க சொல்றியா? அந்த வானமும் நல்லா இல்லன்னு நீதான் சொல்ற.”

அவளை வர வைக்க வேண்டும் என்று நான்கு நாளாக அலைந்தேன். வர வேண்டுமா என்று அவளை ஒரு தடவையும் கேட்கவில்லை. அதை அப்படியே சொன்னேன். வேறெப்படிச் சொல்வது?

செல்வி சிதைந்திருந்த ஓரத்தை வெட்டி என் பக்கம் தள்ளினாள். “இது கவுந்துச்சு, சரி. நான் கவுந்துடுவேன்னு மட்டும் நெனச்சிடாத” என்றாள். நல்ல துண்டு இரண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

திங்கள்.

மேனேஜரிடம், ஒரு வருடம் முடியாது சார், ஆறு வாரம் என்றால் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். இனி ஆறு வாரத்துக்கு யாரும் அனுப்பப் போவதில்லை என்றார். வருத்தமாகத்தான் இருந்தது. கேன்டீனில் அன்று நான் பெருவைப் பற்றிப் பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

மீதியிருந்த கவுத்த க்ரீமைச் செல்வி டப்பாவில் போட்டு வேலைக்குக் கொண்டு போயிருந்தாள். மாலை வேன் வரும் நேரத்துக்குத் தெரு முனையில் போய் நின்றேன். அவளை அழைக்க அங்கே போய் நின்றது அதுதான் முதல் தடவை. வேனிலிருந்து பெண்கள் எட்டி எட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். செல்வி காலி டப்பாவை என் கையில் கொடுத்தாள்.

“எல்லாப் பொண்ணுங்களும் துன்னுட்டு, யாரு மேடம் செஞ்சதுன்னு கேட்டாளுங்க. எங்க ஊட்டுக்காரருன்னு சொன்னேன். அவரு இன்னாவா கீறாருன்னு கேட்டாளுங்க.”

“நீ என்ன சொன்ன?”

“சாதா சேகர்னு சொன்னேன்” என்றாள்.